கரை மாப்பிள்ளை சோதித்த உடையாத கேமரா

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை, மகள் மூவரும் நலம். மற்றக் கடிதங்களில் இந்த வரியைப் பழக்கதோஷத்தில் எழுதிவிடுவேன். இந்த முறை இருவரையும் கூடத்தில் நிற்கவைத்துத் தலை முதல் கால் வரை பார்த்து, என்னையும் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டு, அதன் பிறகுதான் எழுதுகிறேன். அங்கே நீங்களும் அக்காவும் பேரப்பிள்ளைகளும் இதே போல முழுசாக இருக்க வேண்டும். இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் என்னைப் பேசவிட்டால்தானே! நான் 'ஆறு' என்று வாயெடுத்ததுமே சிரிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்கு இல்லை.

பேரப்பிள்ளைகளைப் பனிமலைக்குக் கூட்டிப்போகப் போவதாகவும், விழுந்தாலும் நனைந்தாலும் கெடாத கேமரா எது என்றும் கேட்டிருந்தீர்கள். கேட்டதோடு விட்டீர்களா? "முதல்ல நீங்க ஆத்துல இறங்கிப் படம் புடிச்சுக் காட்டுங்க மாப்பிள்ளை, அப்புறம் நானும் அதையே வாங்கிக்கறேன்" என்றீர்கள். அதிலிருந்த குத்தல் எனக்குப் புரியாமல் இல்லை. குடும்பத்தோடு எந்தத் தண்ணீர்ப் பக்கம் போனாலும் எல்லாருடைய செருப்பையும் துண்டையும் மூக்குக்கண்ணாடியையும் காவல் காத்துக்கொண்டு மேலே நிற்பவன் நான்தான். ஒருத்தர் செருப்பாவது இதுவரை தொலைந்ததுண்டா? அதற்கு நன்றி சொல்லாமல் 'கரை மாப்பிள்ளை' என்று பட்டம் கட்டினீர்கள். இப்போது உங்கள் பேரப்பிள்ளைகள்கூட என்னைக் கரைத் தாத்தா என்கிறார்கள்.

ரப்பர் படகில் ஆற்றின் சுழிப்புக்குள் போக வேண்டும் என்பது உங்கள் தங்கையின் வெகுநாள் ஆசை. கல்யாணமான புதிதில் ஒரு பல் டாக்டரின் காத்திருப்பு அறையில், சுவரில் மாட்டியிருந்த படத்தில் பார்த்தது. பல்வலி அன்றோடு போயிற்று, ஆசை போகவில்லை. நானும் ஒவ்வொரு தடவையும் நியாயமான காரணம்தான் சொல்லி வந்தேன். ஒரு வருஷம் முழங்கால் வலி, ஒரு வருஷம் ஆற்றில் வெள்ளம், இன்னொரு வருஷம் ஆற்றில் தண்ணீரே இல்லை. இந்தத் தடவை மகள் லீவு போட்டு, படகுக்கும் சொல்லி வைத்துவிட்டு வந்து நின்றாள். உங்கள் தங்கை கத்தவில்லை. துணி மடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "இந்தத் தடவையும் ஏதாவது சொல்லித் தட்டிக்கழிச்சீங்கன்னா நான் சண்டை போட மாட்டேங்க. அண்ணன்கூடப் போய்க்கறேன். இனிமே உங்களை எதுவும் கேக்கவே மாட்டேன்." சண்டை போட்டால் எனக்குச் சமாளிக்கத் தெரியும் மச்சான், அதில் எனக்கு நல்ல அனுபவம். கேட்கவே மாட்டேன் என்றால் நான் என்ன செய்வது? போகலாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன். நல்ல கேமரா கிடைத்ததும் கிளம்பலாம் என்றேன். படம் இல்லாமல் அவ்வளவு தூரம் போய் நனைந்துவிட்டு வருவதில் என்ன பிரயோஜனம்? அதற்கு உங்கள் தங்கை, "கேமரா தேடறீங்களா, போகாம இருக்க வழி தேடறீங்களா?" என்று கேட்டாள். இது வீண்பழி என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

சூட்கேஸ் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவுக்குத் தலைவனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். உயரத்திலிருந்து போட்டு, உருட்டி, ஊறவைத்து, கைப்பிடியைப் பிடித்து வெட்டி இழுத்து, எத்தனை பெட்டிகளின் வாழ்க்கையை முடித்து வைத்தவன்! கடைக்காரர் பேச்சைக் கேட்டு ஒரு பொருளை வாங்கினால் நான் வாங்கின சம்பளத்துக்கே அவமானம். மகளோ செல்போனில் ஊர் உலகத்தார் அபிப்பிராயம் எல்லாம் படித்துவிட்டு, "அப்பா, தண்ணிக்குள்ள தனியா உறை போடாமலே போகணும், நாம ஆடினாலும் படம் ஆடக்கூடாது, ஈரக் கையால அமுக்கினாலும் பொத்தான் வேலை செய்யணும், நெஞ்சுல மாட்டப் பட்டி இருக்கணும், அவ்வளவுதான்" என்றாள். அவ்வளவுதானா? கீழே விழுந்தால்? கடைக்குப் போய், "இதை ஒரு தடவை கீழே போட்டுப் பாக்கலாமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டேன். கடைக்காரர் ஏதோ வேடிக்கை என்று நினைத்து, "தாராளமா சார்" என்று சிரித்தார். போட்டேன். இரண்டாகப் பிளந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் ஓடு. "பாத்தீங்களா, உள்ளே சரக்கே இல்ல!" என்றேன். "சார், அது பார்வைக்கு வெச்ச பொம்மை சார்" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு இருந்த திருப்தியில் வீடு வரை நடந்தே வந்தேன். அடுத்து மாடி வீட்டுப் புகைப்படக்காரர் தன்னுடையதை இரவல் தந்தார். அதைத் தண்ணீர் வாளியில் போட்டு மூடி வைத்தேன். மூடியைத் திறந்தபோது கண்ணாடிக்குள் குட்டி மேகம் கட்டியிருந்தது. அந்தப் புகைப்படக்காரர் இப்போது என்னைப் பார்த்தால் படியேறாமல் லிப்ட்டில் போகிறார். அதுவும் சரிப்பட்டு வரவில்லை, பயணமும் தள்ளிப்போயிற்று, நான் வருத்தத்தோடுதான் இருந்தேன்.

பொறுக்க முடியாமல் மகள் ஒன்றை வாங்கியே வந்துவிட்டாள். சோப்புக்கட்டி அளவுதான் இருக்கும். ஏணி மேலே ஏறிச் சிமெண்டுத் தரையில் போட்டேன், குதித்துப் போய் அலமாரிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது. வாளியில் போட்டேன், ஐஸ் பெட்டியில் வைத்தேன், துவைக்கிற மெஷினில் துண்டுகளோடு சுற்றவிட்டேன். வெளியே எடுத்தால் முன்னைவிடப் பளபளவென்று இருக்கிறது. இப்படி ஒரு பிடிவாதக்கார சாமானை என் சர்வீஸில் பார்த்ததில்லை மச்சான். "தேறிடுச்சு" என்று நான் சொன்ன குரலைக் கேட்டு, "ஏன் யாரோ போன மாதிரி சொல்றீங்க?" என்றாள் உங்கள் தங்கை.

போனோம். கரையில் படகுக்காரம்மா ஒருவர் நின்றார், எல்லாரும் கேப்டன் என்று கூப்பிட்டார்கள். நல்ல தாட்டியான உடம்பு, தாட்டியான குரல், தலைக்கவசத்தில் கறுப்பாக ஒரு வில்லை. விளக்கு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மிதவைச் சட்டையை மாட்டிவிட்டு, தோள்பக்கம் இருந்த பட்டையைக் காட்டி, "யாராச்சும் தண்ணில விழுந்தா இதைப் புடிச்சுத் தூக்கிப் போடணும்" என்றார். நம் பெட்டிக் கைப்பிடியேதான். இழுத்துப் பார்த்தேன், இரட்டைத் தையல், குறை சொல்ல இடமில்லை. கேமராவை என் நெஞ்சில் மாட்டி நானே பொத்தானை அமுக்கினேன். திரையில் ஏதோ சிவப்பாக மின்னியது. சரி, ஓடுகிறது என்று உட்கார்ந்தேன்.

ஆறா அது? சும்மா சளசளவென்று போய்க்கொண்டிருந்தது திடீரென்று ஒரு பாறையைச் சுற்றித் திரும்பியதும் பொங்குது மச்சான்! படகு முன்னால தூக்குது, பின்னால இறங்குது, கேப்டன் "அழுத்துங்க, அழுத்துங்க" என்று கத்துறாங்க, மகள் முன்னால உக்காந்து கெக்கெக்கேன்னு சிரிக்கிறாள், எந்தத் துடுப்பு யாருதுன்னு தெரியலை. நான் பாறை போல அசையாமல் உட்கார்ந்திருந்தேன். உங்கள் தங்கைதான் பாவம், 'ஐயோ அம்மா' என்று அலறி, ஒரு பக்கமாகச் சரிந்து, தண்ணீரிலேயே விழுந்துவிட்டாள். நான் பதறவில்லை. பட்டையைப் பிடித்து ஒரே தூக்கு! படகில் போட்டு, "பயப்படாதே, நான் இருக்கேன்ல" என்றேன். இதை அவளிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டாம். அதிர்ச்சியில் அவளுக்குச் சில விஷயங்கள் மாறி நினைவிருக்கின்றன.

அப்பாடா, கரை! அந்த மண்ணில் கால் வைத்ததும் போன உயிர் திரும்பி வந்தது. வீட்டுக்கு வந்து படம் பார்க்கலாம் என்று மகள் கேமராவைத் திறந்தாள். திறந்தவள் என்னையே பார்த்தாள். "அப்பா, இதுக்குள்ள தீப்பெட்டி இருக்கு." முழுத் தீப்பெட்டி இல்லை, அதன் அட்டையில் நறுக்கிய நகமளவு துண்டு. என்ன நடந்தது என்றால், சோதனை போடும்போது உள்ளே சொந்தச் சரக்கு இருக்கக்கூடாது, அதே எடைக்கு வேறு ஏதாவது வைக்க வேண்டும் என்பது எங்கள் பிரிவின் முதல் விதி. பெட்டி என்றால் மணல் மூட்டை வைப்போம். கேமராவுக்குள் இருந்த மெமரி கார்டை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு இந்தத் துண்டை வைத்தவன், திருப்பி மாற்ற மறந்துவிட்டேன். கார்டு என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் சௌக்கியமாக இருக்கிறது. சிவப்பாக மின்னியது, 'உள்ளே கார்டு இல்லை' என்ற எச்சரிக்கையாம்.

ஆக, ஒரு படமும் இல்லை. மகள் தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கோ, உள்ளதைச் சொல்கிறேன், நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எல்லாரும் உயிரோடு திரும்பினோம், சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன், கேமராவில் ஒரு கீறல் இல்லை. உங்கள் தங்கையின் அலறல் நாலு பேர் காதில் விழாமல் போனதும் அவளுக்கு நல்லதுதானே? ஆகவே கேமரா விஷயத்தில் என் சிபாரிசு, கண்ணை மூடிக்கொண்டு இதையே வாங்குங்கள். ஆற்று விஷயத்தில் என் வார்த்தையே சாட்சி. 'கரை மாப்பிள்ளை' பட்டத்தை எழுத்து மூலமாக வாபஸ் வாங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இனி ஆறு, அருவி, மலை எதற்கும் நான் வருவதாக இல்லை. செய்து காட்டியாகிவிட்டது, போதும்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள். பனியில் அவர்கள் கழற்றிப் போடும் காலணிகளை யாராவது பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
அன்பும் பணிவும் மாறாத,
உங்கள் மாப்பிள்ளை (வெறும் மாப்பிள்ளை)

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் மகள் வந்து சிரிக்கிறாள். அந்தக் கேப்டனம்மா தலைக்கவசத்தில் இருந்தது விளக்கு இல்லையாம், அதுவும் இதே மாதிரி கேமராதானாம். முழுப் படத்தையும் அனுப்பியிருக்கிறார். உங்கள் தங்கை அதை உங்களுக்கும் அனுப்பிவிட்டாளாம். ஆகவே இதைப் படிக்கும்போது நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். ஆமாம், அலறினது நான்தான். விழுந்ததும் நான்தான். பட்டையைப் பிடித்துத் தூக்கிப் போட்டது உங்கள் தங்கை. நனைந்த மூட்டை மாதிரி கிடக்கிறேன், அவள் என் முகத்தைத் துடைத்து, "போதுங்களா, கரைக்குப் போயிரலாமா?" என்று கேட்கிறாள். அதற்கு நான் சொன்னது எனக்கே நினைவில்லை, படத்தில்தான் கேட்டேன். "பட்டையை விட்டுடாத, இன்னும் போலாம்" என்கிறேன். உங்கள் தங்கை அந்த ஒரு இடத்தையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இப்போதுதான் தலையை நிமிர்த்தி, "ஏங்க, அடுத்து எங்க போலாம்?" என்று கேட்டாள். கேட்டுட்டா மச்சான். என்னைத்தான் கேட்டா. இந்தத் தடவை கேமரா பாக்கணும்னு நான் சொல்லலை.