மேலே போன பார்

அறிவாளி என்று பேர் வாங்கும் அரிப்பு எனக்கு இருபத்தாறு வயதில் உச்சத்தில் இருந்தது. அதனால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

பாண்டிச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். அதை எழுத உதவும் எடிட்டர் என்ற மென்பொருளை நம் இஷ்டத்துக்கு வளைத்துக்கொள்ளலாம். திரையின் அடியில், கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் காட்டும் பட்டை ஒன்று இருக்கும். ஸ்டேட்டஸ் பார். ஊருக்கெல்லாம் கீழே இருப்பது எனக்கு மட்டும் மேலே இருக்க வேண்டும் என்று ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். (கம்பெனி கொடுத்த வேலையா? அது பாட்டுக்குக் கிடந்தது.) பார் மேலே ஏறிய அன்று வாட்ச்மேனைக்கூட விடாமல் பிடித்துவைத்துப் பெருமையடித்தேன்.

அப்போதுதான் கலைவாணியைப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. அவள் அப்பா தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் விடுபவர். மாப்பிள்ளை எப்படி என்று விசாரிக்கக் கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டார். வாட்ச்மேன் எனக்கு நல்லது செய்வதாக நினைத்து வாயைத் திறந்திருக்கிறார்.

“தங்கமான புள்ள, ஐயா. ஒரு வாரமா பாரு நெனப்புதான். கீழ இருக்கற பாரு புடிக்கலையாம், மேல இருந்தாதான் சொகமாம்.”

பாண்டிச்சேரியில் பார் என்றால் வேறென்ன? கீழே சாதா, மாடியில் ஏசி.

மனுஷர் நேராக என் மேஜைக்கு வந்தார். “இன்னா தம்பி, கீழ ஒக்காந்து குடிச்சா ஆவாதோ?”

“ஐயோ மாமா, அது கம்ப்யூட்டர்ல இருக்கற பாரு!” (மாமா என்று அவசரத்தில் வந்துவிட்டது.) “இருங்க, காட்டறேன்.”

கீழே இறக்கி, மறுபடி மேலே ஏற்றிக் காட்டப் புறப்பட்டேன். கலைவாணி கைவிட்டுப் போய்விடுவாளோ என்ற பயத்தில் ஓர் அடைப்புக்குறியை இடம் மாற்றிப் போட்டுத் தொலைத்தேன். பார் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

“எங்க?”

“காணோங்க.”

திரையை ஏலத்து மீனைப் பார்ப்பதுபோல உற்றுப் பார்த்தார். “இப்பிடியே பாரே இல்லாம இருக்கறதுன்னா பொண்ணு தர்றேன்.”

“சத்தியமா இருக்கறேங்க!”

இருக்கிறேன். இன்றைக்கும் எடிட்டரைத் திறந்தால் கலைவாணி பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, “பாரு கீரு ஏதாவது வந்துருக்கா?” என்கிறாள். எந்த வரியில் நிற்கிறேன் என்றே தெரியாமல் காலத்தை ஓட்டுகிறேன்.

மாமனாருக்குத்தான் இன்னும் ஆறவில்லை. தலை தீபாவளியில் ஆரம்பித்து ஒவ்வொரு தீபாவளிக்கும் என்னைத் தனியே ஓரங்கட்டி, காதோடு கேட்கிறார்.

“அந்த மேல இருக்கற பாரு, எந்தத் தெருவுல மாப்ள?”