சந்தியாகு படம் போடப் போன கதை

சந்தியாகுவுக்கு மறக்கத் தெரியாது. தங்கச்சிமடத்தில் அவர் பேசுகிற ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பேசாத ஆட்களைத் தெரிந்துகொள்ள வாக்காளர் பட்டியலைத்தான் புரட்ட வேண்டும்.

பேசாதவர்களில் முதல் ஆள், பெண்டாட்டியின் தம்பி இன்னாசி. அவன் மகள் கல்யாணத்துக்கு வைத்த பிளக்ஸ் பேனரில் சந்தியாகுவின் படமும் இருந்தது. இருந்து என்ன? கயிறு கட்டும் ஓட்டை சரியாக அவர் மூக்கில் விழுந்திருந்தது. மூக்கணாங்கயிறு போட்ட மாடு மாதிரி ஊர் பார்க்கக் காற்றில் ஆடினார். அன்றோடு இன்னாசியின் பேச்சுக்கே வீட்டில் தடை.

அந்த இன்னாசி வியாழக்கிழமை புது வள்ளம் இறக்குகிறான் என்று ஊர்ப்பேச்சு காதில் விழுந்தது. எந்தக் கரையில் என்று விசாரிக்க கௌரவம் இடம் தரவில்லை. உள்ளூர்க் கரையாகத்தான் இருக்கும்.

அந்தக் குடும்பத்தில் அக்காள் புருஷன் முதல் கை வைக்காமல் வள்ளம் தண்ணீரில் இறங்காது. கை வைத்தவர் அங்கேயே சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் பகை தீர்ந்தது. பாலூற்றி வளர்த்த பகையை ஒரு தட்டுச் சோற்றுக்கு விடுவதா? ஊரில் இருந்தால் விடமாட்டார்கள். காய்ச்சல் என்று படுத்தால் கட்டிலோடு தூக்கிப் போவார்கள்.

இரண்டு நாளாக வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தார். மூன்றாம் நாள் வழி கிடைத்தது. கடற்கரையில் ஒரு வெளியூர்ப் பெண் உட்கார்ந்து நோட்டில் படம் போட்டுக்கொண்டிருந்தாள். ஆளாளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்களே தவிர, ஒருவரும் அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. சந்தியாகு நேரே வீட்டுக்கு வந்து பெண்டாட்டியைக் கூப்பிட்டார்.

"ஜோதி, வியாழக்கிழமை நான் ஊருல இருக்க மாட்டேன். ஊர் ஊராப் போயி படம் வரைஞ்சு, பக்கத்துல அந்த ஊரப் பத்தி எழுதப் போறேன்."

"நீங்களா? ரேசன் கடையில கையெழுத்துக் கேட்டா கட்டைவிரல நீட்டுவீக."

"அதனாலதான் படம்."

ஜோதிமேரி சிரிக்கவில்லை. அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

"நல்லதுதான். முதப் படம் என்ன?"

"ராமநாதபுரம் அரண்மனை."

"எம்புட்டு ஜன்னலு! ஒன்னு கோணுனாலும் அசிங்கம். புதுசாப் பழகுறவுக தெரிஞ்சதத்தான் வரையணும். உங்களுக்கு என்ன தெரியும்?"

நெடுநேரம் யோசித்தார். "வள்ளம்."

"அப்ப ஏர்வாடிக்குப் போங்க. கரையில ஜெய்னுலாபுதீன் மேஸ்திரி வள்ளம் கட்டுறாக. ஆடாம அசையாம நிக்கும். நீங்க பாட்டுக்கு வரையலாம்."

கலர் பென்சிலும் அவளே வாங்கிக் கொடுத்தாள். இப்படி ஒரு பெண்டாட்டியை இத்தனை வருஷம் தப்பாக நினைத்தோமே என்று வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறினார்.

ஏர்வாடிக் கரையில் நீல நிறத்தில் ஒரு புது வள்ளம் நின்றது. நிழல் பார்த்து உட்கார்ந்தார். எழுந்தார். இடம் மாறினார். பென்சிலைச் சீவினார். முதல் படம் செருப்பு மாதிரி வந்தது. இரண்டாவதை மேஸ்திரி எட்டிப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ்! கத்தரிக்கா அச்சு அசலா இருக்கு."

"இது வள்ளம் பாய்."

"எவன் கட்டுனது?"

"நீங்கதான்."

மேஸ்திரி போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் வள்ளத்துக்கு அந்தப் பக்கம் வேன் வந்து நின்ற சத்தம். ஆட்கள் தெரியவில்லை, கூச்சல்தான் கேட்டது. எவன் வள்ளமோ, நமக்கென்ன? குனிந்து கத்தரிக்காய்க்கு நீலம் அடித்தார்.

"தள்ளுங்கலே! பின்னாடி அமுக்கு! நகரலியே!"

பின்னாடி அமுக்குவதா? நாற்பது வருஷம் கடலில் கிடந்தவருக்கு உட்கார்ந்த இடம் சுட்டது. பல்லைக் கடித்தார்.

"எல்லாரும் ஒரே பக்கம் வாங்கலே!"

ஒரே பக்கமா! நோட்டுப் பறந்தது. "அறிவிருக்காலே உங்களுக்கு? வள்ளத்தச் சாய்க்கவா பாக்குறீக?" என்று ஓடி, முன்பக்கம் இரண்டு கையையும் வைத்துத் தோளைக் கொடுத்தார். அடுத்த நொடி நாலாபுறமும் ஆட்கள் விழுந்து தள்ள, வள்ளம் வழுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. கைதட்டல். யாரோ அவரைக் கட்டிப் பிடித்தார்கள்.

"மச்சான்!"

இன்னாசி.

"நீங்க கை வைக்கிற வரைக்கும் ஒருத்தனும் வள்ளத்தத் தொடல மச்சான். அக்கா சொன்னபடி தப்புத்தப்பாக் கத்துனது மட்டுந்தான்."

சந்தியாகு திரும்பினார். ஜோதிமேரி இலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் படம் போட வந்தவன்," என்றார் விறைப்பாக. பகையில் அவ்வளவுதான் மிச்சம் இருந்தது. வயிறு வேறு கூப்பிட்டது. உட்கார்ந்தார்.

அவர் இலையில் குழம்பை ஊற்றிவிட்டு, மணலில் கிடந்த நோட்டை எடுத்துத் தட்டிப் பார்த்தாள் ஜோதிமேரி.

"முதப் படத்துக்கு மோசமில்ல. ரெண்டாவதுக்கு மண்டபத்துல எங்க சித்தப்பா வீட்டுக் கோழிக்கூடு நல்லாருக்கும். அவரோடயும் நீங்க பேசுறதில்லல்ல?"