உங்கள் தங்கை என் வண்டியில் ஏற மறுப்பது குறித்து

பூந்தமல்லி,
வியாழக்கிழமை, லுஹர் தொழுதுவிட்டு வந்த கையோடு.

மரியாதைக்குரிய மச்சான் அப்துல் ரசாக் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் தங்கை ரசூல் பீவியும் மகள் ஷிபாவும் அல்லாஹ்வின் கிருபையால் நல்ல சுகம். நானும் உடம்பளவில் சுகம்தான். என் மானம் மட்டும் மூன்றரை மாதமாகப் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. அது எழுந்து உட்கார உங்கள் துஆ வேண்டும், முடிந்தால் நீங்களே ஒரு நடை வந்து போகவும் வேண்டும்.

முகப்பேரில் இருக்கிற மனிதருக்கு பூந்தமல்லியிலிருந்து தபாலில் கடிதம் எழுதுகிறானே, இவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று நினைப்பீர்கள். போனில் பேசலாம் என்றால் எனக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும், ஸ்பீக்கரில் போட்டால் உங்கள் தங்கைக்கும் கேட்கும். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஷிபா படித்துவிட்டு அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுவாள். நேரில் வரலாம் என்றால் என்னால் வண்டியை எடுக்க முடியாது. ஏன் முடியாது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

மச்சான், இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தீர்களே, அதை ஒருதரம் நினைத்துப் பாருங்கள். தொழுகை உண்டா என்று கேட்டீர்கள், பீடி சிகரெட் உண்டா என்று கேட்டீர்கள், கடைசியாக வண்டி ஓட்டுவாரா என்று கேட்டீர்கள். ஓட்டுவேன் என்றேன். லைசென்ஸ் இருக்கிறதா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது பெரியவர்கள் முன்னால் மரியாதை இல்லை என்று நானும் டீயைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். இருபத்தொரு வயதில் லைசென்ஸ் எடுக்கப் போனது உண்மை. தரையில் சுண்ணாம்பால் எட்டு போட்டு வைத்திருந்தார்கள். என் முறை வரும்போது மழை வந்து எட்டைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. நாளைக்கு வா என்றார்கள். அந்த நாளை முப்பத்துமூன்று வருஷமாக எனக்கு வரவேயில்லை.

இத்தனைக்கும் என் பிழைப்பே வண்டிகளை நம்பித்தான். பூந்தமல்லி வட்டாரத்தில் ஓடுகிற பைக்குகளில் பாதிக்கு நான்தான் சீட் கவர் தைத்தவன் என்று நானே பெருமையடித்துக்கொள்வது உங்களுக்குத் தெரியும். பளபளவென்று ரெக்சின், பின்பக்கம் உயர்ந்து முன்பக்கம் சரிந்து இறங்குகிற ஃபோம், அதுதான் என் கைவரிசை. 'ஈ உட்கார்ந்தாலும் வழுக்கும்' என்று கடைப் பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

நசரத்பேட்டையில் ஒரு கல்யாண வலிமா விருந்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போதுதான் விழுந்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். எப்படி விழுந்தோம் என்பதை உங்கள் தங்கை என் மரியாதையை எண்ணி உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள், நானே சொல்கிறேன். விருந்து வீட்டில் ஒரு தூக்கு நிறைய பிரியாணி கட்டிக் கொடுத்தார்கள். தூக்கு ஆடிச் சாய்ந்துவிடக் கூடாதே என்று என் மூளை வேலை செய்தது. என் ஹெல்மெட்டைக் கழற்றி, தலைகீழாகத் திருப்பி, அதற்குள் தூக்கை அம்சமாக உட்காரவைத்து, ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த உங்கள் தங்கையின் மடியில் கொடுத்தேன். அவள் தலையில் அவளுடைய ஹெல்மெட், மடியில் என்னுடையது, என் தலையில் வெறும் தொப்பி. சாலையோரம் கொட்டியிருந்த மணலைப் பார்த்ததும் முன் பிரேக்கை ஒரே பிடியாகப் பிடித்தேன். வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அவள் என்னைத் தாண்டி இன்னொரு பக்கம். அவளுக்கு இடது மணிக்கட்டு எலும்பு விரிசல், எனக்கு முழங்கால் சிராய்ப்பு. பிரியாணியில் ஒரு பருக்கைகூடச் சிந்தவில்லை. ஹெல்மெட் எவ்வளவு பாதுகாப்பானது என்பதை அன்றைக்கு நான் கண்ணால் பார்த்தேன்.

ஓடிவந்த போக்குவரத்துக் காவலர் தூக்கி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, லைசென்ஸ் கேட்டார். பதற்றத்தில் கடை கார்டை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாய்விட்டுப் படித்தார். "ஈ உட்கார்ந்தாலும் வழுக்குமா? ஆளே வழுக்கிட்டியே பாய்! லைசென்ஸ் எங்க?" என்றார். நான் வானத்தைப் பார்த்தேன். உங்கள் தங்கை என்னைப் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷம் கழித்து, அந்த மணலில் உட்கார்ந்துகொண்டுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. கை வலியைக்கூட மறந்துவிட்டு, "லைசென்ஸ் கையில வர்ற வரைக்கும் உங்க பின்னாடி உக்கார மாட்டேங்க" என்றாள். சொன்னது சொன்னதுதான், வல்லாஹி, சத்தியமாக இன்றுவரை உட்காரவில்லை. சந்தைக்கு ஷேர் ஆட்டோ, உறவு வீட்டுக்கு பஸ்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். உங்கள் தங்கையிடம் நான் ஒருநாளும் கொஞ்சிப் பேசியதில்லை, அவளும் என்னிடம் பேசியதில்லை, நம் குடும்பத்தில் யார்தான் பேசினோம். ஆனால் வண்டியில் போகும்போது பிரேக் பிடித்தால் அவள் அப்படியே வந்து என் முதுகில் சாய்ந்துகொள்வாள். தோளில் கை வைப்பாள். சில நாள் தேவையில்லாமல்கூட பிரேக் பிடித்திருக்கிறேன். இப்போது பின் சீட்டு காலியாக இருக்கிறது. எனக்கு அது தாங்கவில்லை மச்சான். அதனால்தான் இந்த வயதில் படிக்க உட்கார்ந்தேன்.

எல்.எல்.ஆர். தேர்வுக்கான கேள்விகளை ஷிபா கம்ப்யூட்டரிலிருந்து அச்சடித்துப் புத்தகமாகத் தைத்துக் கொடுத்தாள். மத்தியானச் சாப்பாட்டில் பாடம். உங்கள் தங்கை மாவுக்கட்டுக் கையால் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பாள், நான் பதில் சொன்னால்தான் அடுத்த கரண்டி குழம்பு. அப்போதுதான் ஒரு குட்டு வெளிப்பட்டது. நீல வட்டத்துக்குச் சிவப்புக் கரை, குறுக்கே பெருக்கல் குறி மாதிரி இரண்டு சிவப்புக் கோடு. அது ஏதோ அழகு டிசைன் என்று நினைத்து எத்தனையோ சீட்டில் தைத்திருக்கிறேன். 'இங்கே வண்டியை நிறுத்தாதே' என்று அர்த்தமாம். பால் வியாபாரி வேம்புலியிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அதானே பாத்தேன் பாய்! கவர் மாட்ன நாள்லேந்து பிரேக்கே புடிக்காம ஓடிக்கினு கீது" என்றான்.

தேர்வு நாளும் வந்தது. புத்தகம் முழுவதையும் வாசித்தது அம்மாதானே, அம்மாவும் எழுதட்டும் என்று ஷிபா அவளுக்கும் சேர்த்து விண்ணப்பம் போட்டிருந்தாள். கட்டுப் பிரித்து, டாக்டர் சான்றிதழும் வாங்கி, இரண்டு பேரும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தோம். எனக்கு வந்த முதல் கேள்வி: வரிக்கோட்டில் மக்கள் சாலையைக் கடக்கக் காத்திருக்கிறார்கள், நீங்கள் என்ன செய்வீர்கள்? நின்று வழிவிட வேண்டும் என்று புத்தகத்தில் இருப்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் பிஸ்மி சொல்லிவிட்டு உட்கார்ந்த இடத்தில் பொய்யா சொல்வது? என்னைக் கேட்கிறார்கள், நான் செய்வதைத்தானே சொல்ல வேண்டும்? ஹார்ன் அடித்துக்கொண்டே போய்விடுவேன் என்பதைத் தட்டினேன். பின்னால் வருகிறவர் முந்தப் பார்த்தால் என்ன செய்வீர்கள்? வேகத்தைக் கூட்டுவேன். மஞ்சள் விளக்கு எரிந்தால்? அதற்கும் அதே பதில்தான். போன் வந்தால் என்ன செய்வீர்கள் என்பதற்கு என் வழக்கம் மூன்று விடையிலும் இல்லை. கையைத் தூக்கி, அங்கே தேர்வு நடத்துகிற சுரேகா மேடத்திடம், "போனை ஹெல்மெட்டுக்குள்ள காதோட சொருகிக்கிறது எந்த நம்பரும்மா?" என்று கேட்டேன்.

அந்த அம்மா எழுந்து வந்து, நான் எல்லாவற்றையும் தட்டி முடித்ததும் என் திரையைப் பார்த்தார். பத்துக்கு மூன்று. "உண்மையத்தாம்மா எழுதினேன்" என்றேன். "தெரியுது பாய். இவ்ளோ உண்மைக்கு உங்க வண்டியவே வாங்கி உள்ள வெச்சுக்கணும்" என்றார். பிறகு அடுத்த திரையைப் பார்த்தார். பத்துக்குப் பத்து. "எப்படிம்மா இவ்ளோ கரெக்டா?" என்று கேட்டார். உங்கள் தங்கை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "இருவத்தெட்டு வருஷமா பின்னாடி உக்காந்து இவரு இன்னா பண்றாருன்னு பாத்துகினே இருந்தேன். அதுக்கு நேர் எதிரா எது கீதோ அதத் தட்டினேன்" என்றாள். அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய.

இரண்டாவது தடவை நானும் பாஸ். ஒவ்வொரு கேள்விக்கும், இதற்கு ரசூல் பீவி பின்னாலிருந்து என்ன கத்துவாள் என்று யோசித்தேன், எல்லாம் சரியாக வந்துவிட்டது. ஆனால் எல்.எல்.ஆர். காகிதத்தோடு ஓடிவந்து ஏறு என்றால் ஏறமாட்டேன் என்கிறாள். லைசென்ஸ் இருக்கிற ஒருவர் கற்றுக்கொடுக்க உட்காரலாமே தவிர வேறு யாரும் எல்.எல்.ஆர்.காரன் பின்னால் உட்காரக் கூடாதாம், புத்தகத்தில் பக்கத்தை எடுத்துக் காட்டினாள். அவளோ ஒரு மாதம் ஷிபாவின் ஸ்கூட்டரில் பழகினாள், போனாள், கால் ஊன்றாமல் எட்டுப் போட்டாள், லைசென்ஸோடு வந்தாள். பத்து நாள் கழித்து நானும் போனேன். முப்பத்துமூன்று வருஷ அனுபவம், எட்டு என்ன பதினாறுகூடப் போடுவேன் என்று ஷிபாவிடம் சவடால் விட்டுவிட்டுத்தான் போனேன். பாதி எட்டு நன்றாகத்தான் போனது. வளைவில் பழக்கதோஷம், பின்னால் திரும்பி "புடிச்சுக்கினியா?" என்று கேட்டுவிட்டேன். பின்னால் யாரும் இல்லை. அந்த வெறும் சீட்டைப் பார்த்ததும் கால் தானாகத் தரையில் ஊன்றிவிட்டது. ஃபெயில்.

இப்போது சட்டப்படி என் பின்னால் உட்காரத் தகுதியுள்ள ஆள் எங்கள் வீட்டில் ஷிபாவை விட்டால் உங்கள் தங்கைதான். லைசென்ஸ் இருக்கிறதே, வாத்தியாராக வந்து உட்காரேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். "வாத்தியார் பேச்ச நீங்க என்னிக்கு கேட்டிருக்கீங்க?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். நீங்கள் அண்ணன். நீங்கள் சொன்னால் தட்டமாட்டாள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடித்து ஒரு எட்டு வந்து, கலீல் திருந்திவிட்டான், பழையபடி அவன் பின்னால் உட்காரும்மா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

வீட்டில் எல்லோருக்கும் என் சலாம். உங்களுக்கு நீண்ட ஆயுளையும், உங்கள் தங்கைக்கு இளகிய மனதையும், எனக்கு அடுத்த தேர்வில் ஒழுங்கான எட்டையும் அல்லாஹ் தருவானாக. வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
உங்கள் பெயரைக் கெடுத்த மாப்பிள்ளை,
கலீல் ரகுமான்.

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். நீங்கள் வந்து சொல்ல வேண்டாம், சாப்பிட மட்டும் வாருங்கள். இதைத் தபால் ஆபீஸ் பேனாவால், நின்றுகொண்டே எழுதுகிறேன். கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பும்போது உங்கள் தங்கையிடம் மாட்டிக்கொண்டேன். வாங்கி முழுக்கப் படித்தாள். ஒரு இடத்தில்கூடச் சிரிக்கவில்லை. "தபால் ஆபீஸ் மூடிருவாங்க, ஏறுங்க" என்று ஸ்கூட்டரைக் கிளப்பினாள். என் ஆயுளில் முதல் தடவையாக நான் பின் சீட்டில். அதுவும் மகளுக்கென்று நான் ஸ்பெஷலாகத் தைத்த சீட்டு. வரிக்கோட்டில் யாரோ நின்றார்கள், உங்கள் தங்கை புத்தகத்தில் இருக்கிறபடி நின்றாள். நான் நிற்கவில்லை. சறுக்கிக்கொண்டு போய் அவள் ஹெல்மெட்டில் மூக்கை இடித்தேன். வேகத்தடையில் ஒரு தடவை, மாடு குறுக்கே வந்தபோது ஒரு தடவை. மூன்றாவது தடவை முதுகில் போய் ஒட்டிக்கொண்டபோதுதான் எனக்கு உறைத்தது. இது என் ரெக்சின். என் கையால் முன்பக்கம் சரித்து வெட்டிய ஃபோம். நசரத்பேட்டையில் அவளைத் தூக்கி எறிந்தது மணல் மட்டும் இல்லை மச்சான், பிடிக்க ஒரு பட்டைகூட இல்லாமல் நான் தைத்த அந்தச் சீட்டும்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்றைக்கே பலகையில் அந்த வரியை அழிக்கிறேன். முதல் வேலை என் வண்டியின் பின் சீட்டு, வழுக்காத துணி, கைப்பிடிப் பட்டை, சரிவே கிடையாது.

சிக்னலில் நின்றபோது மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டேன், "ஏம்மா, இத்தினி வருஷமா நீ என் மேல சாஞ்சதெல்லாம் வழுக்கித்தானா?" என்று. அவள் திரும்பவில்லை. "பாதி வழுக்கினதுதான்" என்றாள். "மீதிப் பாதி?" என்றேன். பச்சை விழுந்துவிட்டது. "வண்டி ஓட்டச் சொல்லோ பொம்பளைங்ககிட்ட இப்டியெல்லாம் கேக்கக் கூடாதுங்க, புக்குல போட்டுகீது" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். அந்தப் புத்தகம் எனக்கு இப்போது மனப்பாடம் மச்சான். அப்படி எதுவும் அதில் போடவில்லை.