மாப்பிள்ளை வண்டிக்கு ஒரு தகடு

“நாலு நாள் ஆகும் மாமா” என்று சொல்லிவிட்டு, தலையில் மாட்டிய ஹெல்மெட்டைக் கழற்றி மறுபடியும் நாற்காலியில் வைத்தார் விஜய்பாண்டி.

மாமனார் தங்கப்பாண்டி நாலு நாளையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

அன்றைக்கு ஆடி இரண்டு. சித்திரையில் கட்டிக்கொடுத்த மகள் வேல்விழியை ஆடிக்கு அழைத்து வந்தாயிற்று. மாப்பிள்ளைக்கு நேற்றே கறி விருந்து போட்டு, வேட்டி சட்டையும் கொடுத்தாயிற்று. இனி முறைப்படி அவர் தனியாகக் கிளம்ப வேண்டும். ஆடியில் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்திருந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும். சித்திரைப் பிள்ளை என்றால் என்னவென்று தங்கப்பாண்டிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வேல்விழியே அக்னி நட்சத்திரத்தில் பிறந்தவள்தான். மூன்று நாள் கரண்டு இல்லை. மனைவி பஞ்சம்மாளுக்கு ஓலை விசிறியால் வீசி வீசியே அவருடைய தோள்பட்டை இறங்கிப்போனது. அந்தப் பாடு மகளுக்கு வேண்டாம் என்பதுதான் அவர் கவலையெல்லாம்.

ஆனால் “கிளம்புங்க” என்று மாப்பிள்ளையிடம் சொல்கிற நாக்கை ஓடைப்பட்டியில் எந்த மாமனாருக்கும் சாமி வைக்கவில்லையே.

விஜய்பாண்டிக்குக் கம்பம் மெட்டுக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை. பாறையும் சேறுமான பாதைக்கென்றே ஒரு வண்டி வைத்திருந்தார். ஒல்லியாய், உயரமாய், தாவப்போகிற வெட்டுக்கிளியைப் போல அது வாசலில் நின்றது.

“மலையில ஏறும்போது செயின் அந்துச்சுன்னா, முன்னாடி பல்சக்கரத்துல போய்ச் சுருண்டுக்கும் மாமா. சுருண்டு என்ஜின் கேஸை ஒடச்சுரும். ஆயில் பூரா ஒழுகிட்டா என்ஜினே போச்சு. அதுக்குத்தான் நடுவுல ஒரு தகடு இருக்கும். வர்ற வழியில கல்லு அடிச்சு அது தெறிச்சிருச்சு. புதுசுக்குப் போன்ல ஆர்டர் போட்டிருக்கேன், வர நாலு நாள் ஆகும்” என்று பொறுமையாக விளக்கினார்.

அடுப்படியில் பஞ்சம்மாள் கணவரை மடக்கினாள். நேற்று ராத்திரி மகளைத் தன் பக்கத்தில் படுக்கவைத்து, மாப்பிள்ளையை மச்சில் மாமனாரோடு படுக்கவைத்துச் சமாளித்துவிட்டாளாம். இன்னும் நாலு ராத்திரிக்குக் காவல் இருக்கத் தன்னால் ஆகாதாம்.

“அவுக முகத்தைப் பாத்தீகளா? வண்டி கெட்டுப்போன ஆளு முகமா அது?”

தங்கப்பாண்டியும் பார்த்திருந்தார். அந்த முகம் வாடவே இல்லை.

சரி, செயின் தொங்கினால்தானே அறும் என்று, இருபது வருஷமாக மோட்டாரைத் தானே பிரித்து மாட்டிய தைரியத்தில், தோட்டத்து ஸ்பேனரை எடுத்து வந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளை குளித்துவிட்டு வருவதற்குள் செயினை வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டிவிட்டார்.

விஜய்பாண்டி விரலால் தொட்டுப் பார்த்தார். இவ்வளவு இறுக்கினால் செயின் இன்னும் சீக்கிரம்தான் அறும் என்று, மாமனார் மனம் நோகாமல், கிட்டத்தட்ட மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். திரும்பத் தளர்த்தப் போனபோது போல்ட் மரை தேய்ந்து வெறுமனே சுற்றியது.

தகடு மட்டும் இல்லாதிருந்த வண்டிக்கு இப்போது போல்ட்டும் இல்லை.

சின்னமனூரிலிருந்து மெக்கானிக் மரிய ஜோசப்பை வரவழைத்தார்கள். அவர் டிராக்டரிலிருந்து மாவு மிஷின் வரை பார்த்தவர். இந்த வெட்டுக்கிளியைப் பார்த்ததில்லை. அதை அவர் சொல்லவும் இல்லை. வேறு போல்ட் போட்டுச் செயினைத் தளர்த்திவிட்டு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு கிடைத்தால் இப்போதே வெட்டி மாட்டிவிடலாம் என்றார்.

பஞ்சம்மாள் பரணிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டை இறக்கினாள். கல்யாணத்துக்கு அவளுடைய நாத்தனார் பேர் வெட்டிக் கொடுத்த தட்டு.

“அக்கா குடுத்ததுடி” என்றார் தங்கப்பாண்டி.

“இம்புட்டு மெல்லிசா யாரு தட்டு குடுப்பா? இப்பவாவது ஒண்ணுக்கு ஒதவட்டும்.”

மரிய ஜோசப் வெட்டினார், வளைத்தார், மாட்டினார். “அன்பளிப்பு” என்ற எழுத்து வெளியே தெரிய, தகடு என்ஜினை ஒட்டி ஜம்மென்று உட்கார்ந்தது. விஜய்பாண்டி வண்டியைக் கிளப்பித் தெருமுனை வரைக்கும் போனார். போகும்போது வண்டிச் சத்தம் கேட்டது. வரும்போது தகரக் கொட்டகையைப் பூனை பிறாண்டுகிற சத்தம் கேட்டது. மெல்லிசுத் தகட்டைச் செயின் தன் பக்கம் இழுத்து மடக்கி, அதன் முனையாலேயே என்ஜின் கேஸில் மூன்று கோடு போட்டிருந்தது.

“தகடே இல்லாம இருந்திருந்தா இந்தக் கோடு விழுந்திருக்காது” என்று மரிய ஜோசப் உண்மையைச் சொன்னார். பிறகு, நாளைக்குக் கனமான தகடாகக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு, சாப்பிட்டுப் போனார்.

இரண்டாம் ராத்திரியும் காவல். பஞ்சம்மாளின் கண் சிவந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலையில் மெக்கானிக் கனத்த இரும்புத் தகட்டோடு வந்தார். இந்தத் தடவை செயினுக்கும் தகட்டுக்கும் நடுவே விரல் நுழைய இடம் விட்டு, மூன்று போல்ட் போட்டு முடுக்கினார். கையால் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார்கள். ஒரு சத்தமில்லை. தங்கப்பாண்டிக்கு உயிர் வந்தது. விஜய்பாண்டியும் வேறு வழியில்லாமல் பையை எடுக்க உள்ளே போனார்.

ஆண்கள் கை கழுவப் போன அந்த ஐந்து நிமிஷத்தில்தான் பஞ்சம்மாள் வேலையைக் காட்டினாள். இரண்டு நாளாக வண்டி படுகிற பாடு கண் திருஷ்டி இல்லாமல் வேறென்ன? எலுமிச்சம்பழம், ஏழு பச்சைமிளகாய், கறுப்புக் கயிறு, எல்லாம் தயார். எல்லோரும் வண்டிக்கு முன்னால் கட்டுவார்கள். ஆனால் நோவு எங்கே இருக்கிறதோ அங்கேதானே பற்றுப் போட வேண்டும்? அவள் குனிந்து, செயினுக்குப் பக்கத்திலேயே கெட்டியாக மூன்று முடிச்சுப் போட்டாள்.

விஜய்பாண்டி எல்லோரையும் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தார். பத்தடி போயிருக்கும். கயிற்றைச் செயின் வாரிச் சுருட்டியது, மிளகாய் நாலாபக்கமும் தெறித்தது, செயின் கழன்று முன்பக்கப் பல்சக்கரத்தில் பந்தாகத் திரண்டு, இரும்புத் தகட்டையே நெம்பிக் கேஸில் இறக்கியது.

படார் என்ற சத்தத்துக்குத் தெருவே வந்துவிட்டது. எலுமிச்சைச் சாறும் என்ஜின் ஆயிலும் கலந்து மண்ணில் சொட்டின.

மரிய ஜோசப் குனிந்து பார்த்துவிட்டு, தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எது ஆகக் கூடாதுன்னு நெனச்சோமோ அது ஆயிருச்சுண்ணே. கேஸைக் கழட்டி மதுரைக்கு அனுப்பணும். இருவது நாள்.”

பஞ்சம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மாமியாரைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று விஜய்பாண்டி, “பரவாயில்ல அத்தை, இருந்து வாங்கிட்டே போறேன்” என்று ஆறுதல் சொன்னார். வேல்விழி கதவுக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்தாள்.

இருபது நாள். தங்கப்பாண்டியின் கண்ணுக்கு முன்னால் அக்னி நட்சத்திரம் எரிந்தது. ஓலை விசிறி வந்தது. மகள் வியர்வையில் கிடந்து முனகுவது காதில் கேட்டது. எந்த மாமனாருக்கும் இல்லாத நாக்கு அந்த நேரத்தில் அவருக்கு முளைத்தது.

“மாப்ள” என்றார், தொண்டையைச் செருமி. “மூணு மணிக்குக் கம்பத்துக்கு ஒரு பஸ் இருக்கு.”

விஜய்பாண்டியின் முகம் சுருங்கிப்போனது. “சரிங்க மாமா” என்று கீழே கிடந்த பையை எடுத்தார். அதை வாங்கித் தானே சுமந்தார் தங்கப்பாண்டி. பெற்ற பிள்ளையை அடித்துவிட்ட மாதிரி அவருக்கு மனசு உறுத்தியது. ஆனாலும் மகளைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியும் இருந்தது.

இரண்டு பேரும் தெருமுனையைத் தாண்டவில்லை. எதிரே ஸ்கூட்டரைக் குறுக்காக நிறுத்தி, கையில் பெரிய பதிவேட்டோடு மூச்சிரைக்க இறங்கினாள் ஊர்த் துணை சுகாதார நிலையத்து நர்ஸ் முனீஸ்வரி.

“நல்லவேளை, ஊருக்குக் கிளம்பிட்டாகளோன்னு பயந்துட்டேன்ணே. முந்தாநாள் வேல்விழியும் அவுகளும் வந்து சோதனை பண்ணிட்டுப் போனாக, உங்க மாப்பிள்ளை ஆதார் இல்லாமக் கம்ப்யூட்டர் பதிய மாட்டேங்குது. இப்ப விட்டா, மாசியில பிள்ளை பொறக்கையிலதான் வருவாகளோன்னு ஓடியாந்தேன்.”