சம்பளமில்லாத் தூதர்

சம்பளமில்லாத் தூதர் என்று ஓர் இனம் உண்டு. தான் ஒருநாளும் கால் வைக்காத ஏதோ ஒரு வல்லரசுக்கு, தன்னைத் தானே தூதராக நியமித்துக்கொண்டவர் இவர். இப்படி ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்ற தகவல்கூட அந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. ஆனாலும் அந்த நாடு ராக்கெட் விட்டால் இவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். அங்கே கோதுமை விளையாமல் போனால் இங்கே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வார். ஒலிம்பிக்கில் அந்த நாட்டு வீராங்கனை குண்டெறிந்து தங்கம் வாங்கினால், தானே எறிந்த மாதிரி ராத்திரி முழுக்கத் தோளைப் பிடித்துவிடச் சொல்வார். பிடித்துவிடுவது மனைவி.

இந்த இனம் தனியாக வாழாது. எதிர்முகாம் தூதர் ஒருவர் கூப்பிடு தூரத்தில் இருந்தாக வேண்டும்.

நம் ஃபோர்மனுக்கு அந்தக் கவலையே இல்லை. எதிர்முகாம் மாடியில் குடியிருந்தது. அரசாங்கப் பட்டறையில் இரும்பு கடையும் லேத் மெஷின்களைக் கட்டி மேய்க்கும் ஃபோர்மன் சோவியத்தின் ஆள். மாடியில் இருந்த மருந்துக்கடைக்காரர் அமெரிக்காவின் ஆள். வீடு மாமனார் விட்டுப்போனது. அக்காவைக் கட்டியவர் கீழே, தங்கையைக் கட்டியவர் மேலே. சகலைகள் இருவருக்கும் ஒரே படிக்கட்டு என்பதால், பல் துலக்கும் முன்பே பனிப்போர் தொடங்கிவிடும்.

"என்ன சகல, உங்க ஊர்ல இன்னைக்கும் ரொட்டிக்கு க்யூவாமே?"

"எங்க ஊர்ல க்யூல நின்னா எல்லாருக்கும் ரொட்டி உண்டு. உங்க ஊர்ல ரொட்டி கண்ணாடிக்கு உள்ள இருக்கும், ஜனம் வெளிய நிக்கும்."

'எங்க ஊர்' என்று சொல்லிக்கொண்ட இருவரும் பாஸ்போர்ட்டே எடுத்ததில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் கீழே இருக்கும் மோட்டாரிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறும் பழைய குழாய் துருப்பிடித்து வெடித்தது. அக்காவும் தங்கையும் ஒரு வழி சொன்னார்கள்: படிக்கட்டுத் திருப்பம் வரை கீழ்வீட்டுக்காரர் மாற்றட்டும், அதற்கு மேலே மாடிக்காரர் மாற்றட்டும். நியாயம்தானே? தூதர்கள் இல்லாத வீட்டில் நியாயம்தான்.

மருந்துக்கடைக்காரர் கடையில் விற்கிற குழாயை வாங்கி மாட்டினார். அதன் முனையில் திருகி மாட்டுவதற்கு இருந்த மரை அங்குல அளவு. ஃபோர்மனோ தன் பங்குக் குழாயைப் பட்டறைக்குத் தூக்கிப்போய், மில்லிமீட்டர் அளவில் தானே மரை வெட்டிக்கொண்டு வந்தார். "அங்குலம் ஏகாதிபத்தியத்தோட அளவு. என் வீட்டுக்குள்ள அது நுழையாது" என்றார்.

நுழையவில்லை. படிக்கட்டுத் திருப்பத்தில் இரண்டு குழாய்களும் மூக்கோடு மூக்கு உரசி நின்றன. ஒன்றோடு ஒன்று சேர மறுத்தன. மோட்டாரைப் போட்டால் படிக்கட்டு குளித்தது, தொட்டி காய்ந்தது. பெண்கள் வாளியோடு ஏறி இறங்கினார்கள்.

ஃபோர்மன் உடனே ஒரு குழு அமைத்தார். உறுப்பினர்கள் அவரும் அவர் மனைவியும். மாடிக் குழாயை மாற்ற வேண்டும் என்று குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. தான் உறுப்பினர் என்பதே மனைவிக்குத் தெரியாது.

மாடியில் குழுவெல்லாம் கிடையாது. "கேக்கறவன் இருந்தா விக்கறவன் வருவான். ரெண்டு அளவையும் சேக்கற இணைப்பை மார்க்கெட்டே கொண்டுவந்து குடுக்கும்" என்று சொல்லி, மருந்துக்கடைக்காரர் பால்கனியில் நாற்காலி போட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு சாமானைக் கேட்ட குடும்பம் உலகத்திலேயே இது ஒன்றுதான். யார் வருவார்கள்?

இதற்கிடையில் ஆஸ்பத்திரியில் ஃபோர்மனின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. பேத்திக்காகப் பட்டறைக் கம்பியில் சக்கரம் வைத்த கட்டிலே செய்து, பெயின்ட் அடித்து, கூடத்தில் நிறுத்தியிருந்தார் மனிதர். மறுநாள் வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். அன்று பார்த்து மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரும்பினாள்.

"சம்பந்தியம்மா சொல்லிட்டாங்க. தண்ணி வராத வீட்டுக்குப் பச்சக் குழந்தைய அனுப்ப மாட்டாங்களாம். நேரா அவங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போறாங்க."

ஃபோர்மன் கட்டிலைப் பார்த்தார்.

"ஏங்க, ஒரு பக்கம் உங்க அளவு, இன்னொரு பக்கம் அவர் அளவு. ஒரு துண்டு கடைஞ்சு கொண்டாந்தா கையா தேஞ்சுபோகும்?"

"அதுக்குப் பேரு சமரசம்."

"அப்ப பேத்தியப் பாக்க சம்பந்தி வீட்டு வாசல்ல போய் நில்லுங்க. அங்கயும் க்யூல நின்னா எல்லாருக்கும் குடுப்பாங்களான்னு கேட்டுட்டு வாங்க."

மறுநாள் காலையில் முதல் ஆளாகப் பட்டறைக்குப் போன ஃபோர்மன், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பூட்டை உடைக்கிறவர் மாதிரி லேத்தின் பல்சக்கரங்களை அங்குல மரை வெட்டுவதற்கு மாற்றினார்.

"என்ன ஃபோர்மன், கட்சி மாறிட்டீங்களா?" என்றார் அடுத்த மெஷின்காரர்.

"எதிரியோட ஆயுதத்தைப் படிக்கிறேன்யா. உன் வேலையப் பாரு."

அரை நாள் லீவு போட்டுவிட்டு இணைப்போடு வீட்டுக்கு ஓடிவந்தார். ஆனால் அதை மாட்ட ஓர் ஆள் மேல்குழாயைத் தூக்கிப் பிடிக்க வேண்டுமே! மருந்துக்கடைக்காரர் வந்தார். குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சும்மா பிடித்தாரா?

"பாத்தீங்களா சகல, கடைசில எங்க அங்குலத்துக்கே வந்துட்டீங்க."

"உங்க மார்க்கெட்டு குடுக்காததை எங்க அரசாங்கப் பட்டறை குடுத்துச்சு. நேராப் புடிங்க, சாயுது!"

"சாயறது உங்க பக்கம்."

மோட்டார் உறுமியது. தண்ணீர் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் மேலே போனது. சேதி ஆஸ்பத்திரிக்குப் போக, சாயங்காலம் மகள் குழந்தையோடு வந்து இறங்கினாள். உள்ளே அக்காவும் தங்கையும் குழந்தையைக் குளிப்பாட்டினார்கள். குளியலறைக் கதவுக்கு வெளியே, குழந்தையின் தலையில் விழுகிற தண்ணீர் கீழ்க்குழாயின் சாதனையா மேல்குழாயின் சாதனையா என்று தூதர்கள் பேச்சுவார்த்தை நடத்தினார்கள்.

"ரெண்டு பேரும் வாய மூடுறீங்களா? புள்ள பயப்படுது!" என்று அக்கா போட்ட சத்தத்தில் இரு வல்லரசுகளும் ஒரே நேரத்தில் படைகளை விலக்கிக்கொண்டன.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். குழந்தை பாட்டி வீட்டுக்கு வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் சிரித்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாறாக, "அது சரி, கடைசியில் விட்டுக்கொடுத்தது யார்? கீழேயா, மேலேயா?" என்று உள்ளுக்குள் ஒரு குரல் விசாரிக்கிறதா? அப்படியானால் எதற்கும் எழுந்துபோய், உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.