ரசமட்டத்தோடு கடல் பார்க்கப் போனது

என் கையெழுத்துக்கும் பிழைகளுக்கும் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாவதோடு நின்றவன். கோடு போட்ட தாளில்கூட என் எழுத்து சரிந்துதான் இறங்கும். ஆனால் இதை எழுதாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

கோயமுத்தூர் ஜில்லாவில் ஒரு மனிதனை நிம்மதியாக இருக்க விடாத ஆள் யாரென்று கேட்டால், துடியலூர் ரசமட்டம் என்று தூக்கத்திலும் சொல்வேன். கொத்தனார். சொந்தப் பெயர் அவர் வீட்டுக்காரம்மாவுக்கே மறந்திருக்கும். சுவர் மட்டமா என்று பார்க்கும் ரசமட்டம் எப்போதும் அவர் இடுப்பில் செருகியிருக்கும். டீக்கடை மேசை, கல்யாணப் பந்தி, ஆஸ்பத்திரிக் கட்டில் என்று எதன்மேல் வைத்தாலும் கண்ணாடிக்குள் குமிழி நடுவில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால், அடியில் அட்டையை மடித்துச் செருகாமல் நகரமாட்டார். இருபது வருஷமாக அவரிடம் கையாளாக இருக்கிறேன். அந்தக் கருவியை ஒருநாள்கூட என்னைத் தொட விட்டதில்லை.

போன வருஷம் பழைய ஸ்கூல் வேன் ஒன்றை வாங்கினார். சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு இரண்டு கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர் டிரம் வைத்தார். பின்னால் இரண்டு சைக்கிளைக் கட்டினார்.

"ஏங்கண்ணு, கடல் பாத்திருக்கறயா?"

"இல்லீங்க மேஸ்திரி." நாற்பத்தெட்டு வயது எனக்கு. சொல்லவே வெட்கமாக இருந்தது.

"வா, காட்டிப்போடறேன்."

பாலக்காடு தாண்டி, கேரளக் கரையோரம் ஒரு தீவு. ஒரு பக்கம் காயல், மறு பக்கம் கடல், நடுவே நீளமாக மணல் திட்டு. அவ்வளவுதான். வண்டி ஏற்றும் படகில் வேனை அக்கரை சேர்த்து, காயல் ஓரம் தென்னை மரத்தடியில் நிறுத்தினார். அங்கிருந்து கடலுக்குச் சைக்கிளில் ஐந்து நிமிஷம். அலைச் சத்தம் கேட்கிறது. நான் காலை வெளியே வைத்தேன்.

"எறங்காத! வண்டி இன்னும் மட்டத்துக்கு வரலே."

மணலில் ஏது மட்டம்? இந்தச் சக்கரத்துக்குப் பலகை கொடுத்தால் அந்தச் சக்கரம் புதைகிறது.

"நானும் எறங்கி ஒரு கை குடுக்கறனுங்க."

"ஊட்டுக்குள்ள ஆளு இருக்கறப்பத்தான் மட்டம் பாக்கோணும். நீ எறங்குனா கனம் மாறிப்போயிருமில்ல?"

அநியாயத்தைக் கேளுங்கள். இரண்டு நாள்! சிமெண்டு மூட்டை மாதிரி கட்டிலில் உட்கார்ந்து, கடலைக் காதால் மட்டும் பார்த்தேன். நான் ஒதுங்கப் போகும்போது, என் இடத்தில் தண்ணீர் டிரம்மை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

மீன் விற்க வந்த ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "சேட்டா, இது மணலல்லே? நாளைக்கு வேற மாதிரி கிடக்கும்" என்று சிரித்தார்.

"உங்கூர்ல நல்ல மேஸ்திரி இல்லீங்க. அதுனாலதானுங்க" என்றார் இவர், மரியாதை குறையாமல்.

மறுநாள் விடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும். இரண்டாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு, வாழ்நாளில் முதல்முறையாக மேஸ்திரியிடம் குரல் உயர்த்தினேன்.

"நானென்ன மூட்டைங்களா? கடல் காட்டறேன்னு கூட்டியாந்து தென்ன மரத்தக் காட்டறீங்களே, இது நாயமுங்களா?"

கோபத்திலும் 'ங்க' விட்டுப்போகவில்லை. அது வேறு எரிச்சல். குதித்து இறங்கி, சைக்கிளை அவிழ்த்து மிதித்தேன். பின்னால் வேன் முனகிச் சாய்வது கேட்டது. திரும்பவில்லை.

கரைக்குப் போய்த் தலையை நிமிர்த்துவதற்குள் பின்னால் மணிச் சத்தம். அவர்தான். சைக்கிளை மணலில் போட்டுவிட்டு, ரசமட்டத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"கண்ணு, கடலும் வானமும் சேர்ற கோட்ட நான் பாக்கறேன். குமிழி எங்க நிக்குதுன்னு நீ சொல்லு."

பாருங்கள், அங்கே போயும் எனக்குக் குமிழிதான்!

"நடுவுலதானுங்க."

"அசையாம?"

"அசையாமத்தானுங்க."

ரசமட்டத்தைக் கீழே இறக்கினார். பிறகு, "அடியில ஆரும் அட்ட வெக்கல பாரு" என்றார், மெதுவாக. இருபது வருஷத்தில் முதல்முறையாக அந்தக் கருவியை என் கையில் கொடுத்தார். அவரைப் போலவே கண்ணுக்கு நேரே பிடித்தேன்; குமிழி ஒரு பக்கமாக ஓடியது. என் முழங்கைக்கு அடியில் தன் கையை முட்டுக் கொடுத்தார்.

"இப்ப நீ கடலப் பாரு கண்ணு. குமிழிய நான் பாத்துக்கறேன்."

ஒருவழியாக இதை எழுதி முடித்தது, ஐப்பசி மூன்றாம் தேதி.