பி.டபிள்யூ.டி. துரை

திருகோணமலைத் துறைமுகத்துக்கு இறங்கும் ஒழுங்கையில் ஒரு செங்கல் வீடு இருக்கிறது. நூறு வயது தாண்டிய வீடு. போன மாசி மாதம் வரைக்கும் அங்கே வௌவால்தான் குடியிருந்தது. பங்குனியில் ஒரு வெள்ளைக்காரத் துரை குடிவந்துவிட்டார். செத்தவர் என்பதால் வாடகை இல்லை.

துரையைக் கண்டுபிடித்தவர் குணரத்தினம். அதற்கு முன்பு நிலாவெளியில் வெள்ளைக்காரரை மறித்து ஹோட்டலில் அறை பிடித்துக் கொடுத்தவர். வீட்டு வாசலுக்கு மேலே கல்லில் ஆங்கிலத்தில் மூன்று எழுத்து: பி, டபிள்யூ, டி. அதைப் பார்த்ததும் அவருக்கு உடம்பு நடுங்கியதாம். பீட்டர் வில்லியம் டேவிட் துரை! பெண்சாதி நஞ்சு வைத்துக் கொன்ற துரையின் ஆவி! சுவரைச் சுரண்டி அந்தச் செங்கல் தூளைப் பூசினால் எந்த நோய் வருத்தமும் மாறும் என்று துரையே அவர் மேல் ஏறிச் சொல்லிவிட்டார். பிறகென்ன?

வெள்ளிக்கிழமைகளில் ஒழுங்கை நிறையச் சனம். அன்புவழிபுரத்திலிருந்து ஓட்டோ, சீனன்குடாவிலிருந்து வான். துரைக்குச் சாராயம், சுருட்டு, ஆட்டிறைச்சி றோல்ஸ். வெள்ளைக்காரன் ஆண்டபோது வரி கொடுத்தோம். செத்தபிறகு றோல்ஸ் கொடுக்கிறோம். கோயிலுக்குப் போகிறவர், சேர்ச்சுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர் எல்லாரும் ஒரே வரிசையில் நின்றார்கள். முட்டாள்தனத்தில் மட்டும் எங்களுக்குள் என்ன ஒற்றுமை!

துரை ஏறியதும் குணரத்தினத்தின் வாயில் ஆங்கிலம் பாயும். "ஹலோ மை பிரண்ட்! ஏசி ரூம், நோன் ஏசி ரூம்!" சனம் உருகிக் கைகூப்பும்.

பூரணியும் வந்தாள். அவள் புருஷன் வினோதனுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு; காலில் புண். மூன்று கிழமை செங்கல் தூள் பூசியதில் பெருவிரல் கறுத்து நாறியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டதற்குத் துரை உறுமினார்.

"ஊசி போட்டா நான் போயிருவன்! பிறகு காலுக்கு நான் பொறுப்பில்லை!"

பூரணி பயந்துபோய் இன்னும் ஒரு சரை தூள் வாங்கினாள்.

பக்கத்து வீட்டு மாகிரட் ரீச்சர் அந்தக் காலைப் பார்த்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்ற எழுபது வயது மனுசி. கெஞ்சினார், ஏசினார்.

"துரை பொய்யெண்டு காட்டுங்கோ ரீச்சர். இப்பவே கூட்டிக்கொண்டு போறன்," என்றாள் பூரணி.

"ஓம், வா காட்டுறன்."

அன்றைக்கு வெள்ளிக்கிழமைதான். ரீச்சர் தன் முற்றத்தில் குரோட்டன் நட்டிருந்த துருப்பிடித்த வாளியைக் கொட்டிக் கழுவித் தூக்கிக்கொண்டு துரை வீட்டுக்கு நடந்தார். அதன் விளிம்பிலும் அதே மூன்று எழுத்து.

"ஐயா, இது ஆற்ர எண்டு துரையிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ."

எழுத்தைக் கண்டதும் குணரத்தினத்துக்குக் கண் செருகியது. வாளியைப் பறித்து நெஞ்சோடு அணைத்தார்.

"ஓ மை பிரண்ட்! என்ர வாளி! அந்தப் பாவி இதுக்குள்ளதான் பாலில நஞ்சு கலந்து தந்தவள்!"

விளிம்பை முத்தமிட்டார். கண்ணில் ஒற்றினார். சனம் விம்மியது.

"வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ. துரையின்ரதானே?"

"ஓம், ஓம்! நான் ஒவ்வொரு நாளும் வாய் வைச்சுக் குடிச்ச வாளி!"

ரீச்சர் சனத்தின் பக்கம் திரும்பினார்.

"நான் பிறந்தது இந்த வீட்டிலதான். எங்கட அப்பா ஓவசியர். பி.டபிள்யூ.டி. எண்டது துரையின்ர பேரில்லை. பப்ளிக் வேர்க்ஸ் டிப்பார்ட்மென்ற்! றோட்டுப் போட்ட கந்தோர். இது அவையின்ர குவாட்டர்ஸ். வாசல்லயும் அந்த எழுத்துத்தான், கதிரை மேசையிலயும் அந்த எழுத்துத்தான். இந்த வாளி எங்கட கக்கூஸ் வாளி."

குணரத்தினம் வாயைத் துடைத்தார். துரை எந்த வழியால் இறங்கினாரோ தெரியாது. குணரத்தினம் அசல் திருகோணமலைத் தமிழில் காறித் துப்பிக்கொண்டு பின்வளவால் ஓடினார்.

"ஆவிக்கும் ஞாபகமறதி வரும்தானே?" என்று வரிசையில் ஒருவர் கேட்டார். படித்தவர். கண்ணாடி வேறு போட்டிருந்தார்.

பூரணி அதைக் கேட்க நிற்கவில்லை. ஓட்டோ பிடித்துப் புருஷனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். பெருவிரலை வெட்டி எடுத்தார்கள். இரண்டு நாள் பிந்தியிருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்றார் டொக்டர். அந்த விரலை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

ஐயாமாரே, அம்மாமாரே, காலில் அழுகினால் வெட்டி எடுக்க ஆஸ்பத்திரியில் ஆள் இருக்கிறது. தலைக்குள் அழுகினால் அங்கே வார்டு இல்லை. நீங்களேதான் யோசித்து மாற்றவேண்டும்.